மெம்பிரேன், மெக்கானிக்கல், மேக்னெட்டிக்: எந்தக் கீபோர்டு எப்படிக் கெடும்?

"மகள் வந்துவிட்டாள்" என்று அடித்தேன். திரையில் "மக்கள் வந்துவிட்டாள்" என்று விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன், மறுபடியும் மக்கள். தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் ஒரே எழுத்தை அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தால் முன்னதற்குத் தானாகவே புள்ளி வந்துவிடும். நான் 'க'வை ஒரு முறைதான் அழுத்தினேன். என் மெக்கானிக்கல் கீபோர்டு அதை இரண்டாக எண்ணிக்கொண்டது.

நான்கு வருடம் உழைத்த கீபோர்டு அது. பகலில் எழுத்து வேலை, மாலையில் நிரல், இரவில் விளையாட்டு என எல்லாம் அதில்தான். அன்று அந்த ஒரு விசையின் ஸ்விட்ச்சை இடுக்கியால் பிடுங்கி எடுத்தேன். மேசை இழுப்பறையில் கிடந்த வேறொன்றைச் செருகினேன். இரண்டு நிமிட வேலை; மகள் மகளாகவே வந்தாள். அதற்கு முன் வைத்திருந்த மெம்பிரேன் கீபோர்டில் ஸ்பேஸ்பார் வேலை செய்யாமல் போனபோது முழுக் கீபோர்டையுமே தூக்கிப் போட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எந்தக் கீபோர்டைப் பற்றிக் கேட்டாலும் என் முதல் கேள்வி இதுதான்: இது எப்படிக் கெடும், கெட்டால் நான் என்ன செய்ய முடியும்? வேகம், சத்தம், விளக்கு அலங்காரம் எல்லாம் அதற்குப் பிறகு.

மெம்பிரேனிலிருந்து தொடங்குகிறேன். கீபோர்டு ஆர்வலர்கள் இதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள். நடுத் தாளில் விசைக்கு ஒரு துளை. அவற்றுக்கு மேல் ரப்பர் குமிழ்கள் வரிசையாக நிற்கும். விசையை அழுத்தினால் குமிழ் மடங்குகிறது, மேல் தாள் துளை வழியாகக் கீழ்த் தாளைத் தொடுகிறது, எழுத்து விழுகிறது. அவ்வளவுதான். பாகங்கள் குறைவு, சத்தம் குறைவு, விலை குறைவு. தேநீர் சிந்தினாலும் பல வகைகள் தப்பித்துக்கொள்ளும்.

ஆனால் கிட்டத்தட்ட அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். நாள் முழுக்க எழுதுகிறவர்களின் விரல் நுனிகளுக்கு மாலையில் இது தெரியும். ரப்பரும் காலப்போக்கில் இறுகிவிடும் அல்லது தளர்ந்துவிடும். அது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் நமக்குத் தெரிவதுமில்லை. பக்கத்தில் புதிய கீபோர்டு ஒன்றை வைத்து அடித்துப் பார்க்கும்போதுதான், இத்தனை நாள் சேற்றில் நடந்துகொண்டிருந்தோம் என்று புரியும்.

விளையாடுகிறவர்களுக்கு இன்னொரு குறை முக்கியம். சாதாரண மெம்பிரேனில் விசைகள் குறுக்கும் நெடுக்குமான கோடுகளில் பின்னப்பட்டிருக்கின்றன. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் விசைகளைச் சேர்த்து அழுத்தினால், நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதைப் போலவே சுற்றுக்குத் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, உள்ளே இருக்கும் சில்லு மூன்றாவது விசையையே கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். குனிந்தபடி மூலைவாட்டில் ஓடிக்கொண்டே குண்டு மாற்ற நினைக்கும்போது குண்டு மாறாமல் போவது இதனால்தான். இரண்டு ஷிப்ட் விசைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆங்கில எழுத்துகளை வரிசையாக அடித்துப் பாருங்கள். சில எழுத்துகள் விழாமல் போனால் உங்கள் கீபோர்டின் எல்லை அது. மெக்கானிக்கலில் பெரும்பாலும் ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு வைத்திருப்பார்கள். மின்சாரம் பின்னோக்கிப் பாயாது, இந்தச் சிக்கலும் வராது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர மனமில்லை. இன்றும் பலர் தேடித் தேடி வாங்கிப் பாதுகாக்கும் ஐபிஎம் மாடல் எம், 1985-இல் வந்தது. அழுத்தும்போது பக்கவாட்டில் மடங்கும் ஸ்பிரிங்கும் அது எழுப்பும் கணீர் ஓசையும்தான் அதன் புகழுக்குக் காரணம். அந்த ஸ்பிரிங்கின் அடியில் இருப்பது என்ன தெரியுமா? மெம்பிரேன் தாள்கள்தான். ஆகவே தாளைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன்மேல் எதை வைத்தார்கள், எப்படிப் பூட்டினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாடல் எம்-இலும் அடுக்குகளை இறுக்கிப் பிடிப்பவை பிளாஸ்டிக் குமிழ் ஆணிகள். வயதானால் அவை உடைந்து உதிரும். அப்போது துளையிட்டு, சிறு திருகுகளைப் பூட்டி உயிர் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரிக்க முடிந்ததால்தான் அது இன்னும் வாழ்கிறது.

மெக்கானிக்கலுக்கு வருவோம். என் கை இங்கேதான் பழகியிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச். அதற்குள் ஒரு தண்டு, ஒரு ஸ்பிரிங், தொட்டுக்கொள்ளும் இரண்டு உலோக இதழ்கள். தண்டு கீழே இறங்கும்போது இதழ்கள் சேர்கின்றன. ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் ரெட் ஸ்விட்ச் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதி வழியில், 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். அதற்குத் தேவைப்படும் பலம் 45 சென்டிநியூட்டன், கிட்டத்தட்ட 46 கிராம் எடையை விரலால் தாங்குவது போல. அடிவரை குத்த வேண்டியதில்லை என்பதை விரல் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். கற்றுக்கொண்ட பிறகு பழைய கீபோர்டுக்குத் திரும்புவது கடினம்.

ஸ்விட்ச் தண்டின் நிறம் அது இறங்கும் விதத்தைச் சொல்லும். எந்த நிறம் வாங்குவது என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். பழுப்பு நடுவழியில் ஒரு சிறு மேட்டைக் காட்டும். நீலம் மேட்டோடு 'கிளிக்' என்று ஓசையும் தரும். நீலத்தை ஒரே அறையில் இன்னொருவர் தூங்கும் இடத்தில் பயன்படுத்தாதீர்கள். எழுத்துக்குப் பழுப்பு, விளையாட்டுக்குச் சிவப்பு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நான் இரண்டுக்கும் சிவப்பையே வைத்திருக்கிறேன், ஒரு குறையும் தெரியவில்லை. நிறத்தைவிட ஸ்பேஸ்பார், என்டர் போன்ற நீள விசைகளின் கீழே இருக்கும் ஸ்டெபிலைசர் கம்பி முக்கியம். அது லொடலொடத்தால் எவ்வளவு உயர்ந்த ஸ்விட்ச் போட்டிருந்தாலும் மலிவான சத்தம்தான் வரும். கம்பி முனைகளில் துளி கிரீஸ் தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சரி, என் 'க' ஏன் இரட்டித்தது? உலோக இதழ்கள் சேரும்போது ஒரே அடியில் ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் விழுந்த பந்து போல, நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் துள்ளிவிட்டுத்தான் அமைதியாகின்றன. கீபோர்டின் சில்லுக்குள் இயங்கும் உள்நிரல் அந்தத் துள்ளல் அடங்கும்வரை காத்திருக்கும். தூசும் ஈரமும் சேர்ந்து இதழ்கள் கெட்டுப்போனால், துள்ளல் அந்தக் காத்திருப்பையும் தாண்டி நீளும். ஓர் அழுத்தம் இரண்டாகப் பதிவாகும். செர்ரி தன் எம்எக்ஸ் ரெட்டுக்கு 10 கோடி அழுத்தங்கள் ஆயுள் என்கிறது. என்னுடையது வேறு தயாரிப்பு. ஆனாலும் எந்த நிறுவனம் சொல்லும் கணக்கிலும், நம் வீட்டு மேசையின் தூசு சேர்ந்திருக்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மெக்கானிக்கல் கெடும் விதம் இது: ஒரு நேரத்தில் ஒரு விசை. மற்ற எண்பதும் நன்றாகவே இருக்கும். ஆகவே அந்த ஒன்றை மாற்ற முடிகிறதா என்பதில்தான் கீபோர்டின் ஆயுள் அடங்கியிருக்கிறது. ஹாட்ஸ்வாப் என்று குறிப்பிட்டிருந்தால் ஸ்விட்ச்சைப் பிடுங்கிச் செருகலாம். இல்லையென்றால் சுற்றுப்பலகையில் இரண்டு ஈயப் பற்றுகளை உருக்கி எடுத்து, புதிதாகப் பற்றவைக்க வேண்டும். அது முடியாத வேலை இல்லை, ஆனால் பெரும்பாலோர் செய்யமாட்டார்கள். கீபோர்டு பரணுக்குப் போய்விடும். செருகும்போது மட்டும் அவசரம் கூடாது. ஸ்விட்ச்சின் மெல்லிய கால்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் செங்குத்தாக அழுத்துங்கள். வளைந்த காலோடு திணித்தால் சாக்கெட்டே பெயர்ந்துவிடும்.

மூன்றாவது போட்டியாளர் மேக்னெட்டிக், அதாவது ஹால் எஃபெக்ட். இயற்பியலாளர் எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்குவது. 1960களின் பிற்பகுதியிலேயே இந்த முறையில் கீபோர்டுகள் செய்தார்கள். இப்போது விளையாட்டுக்காக மறுபிறவி எடுத்திருக்கிறது. தண்டின் அடியில் ஒரு காந்தம், சுற்றுப்பலகையில் ஓர் உணரி. விசை இறங்க இறங்கக் காந்தப்புலம் மாறுவதை உணரி அளக்கிறது. எழுத்து விழ உலோகமும் உலோகமும் தொட வேண்டியதில்லை. துள்ளலும் இல்லை, இதழ் கெடுவதும் இல்லை. எந்த ஆழத்தில் எழுத்து விழ வேண்டும் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். பல கீபோர்டுகளில் 0.1 மில்லிமீட்டர்வரை போக முடிகிறது.

இதன் உண்மையான பலம் ரேபிட் டிரிக்கர். நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம்தான் இதைப் பரவலாக்கியது. சாதாரண ஸ்விட்ச்சில் விசை அந்த 2 மில்லிமீட்டர் புள்ளிக்கு மேலே எழும்பிய பிறகுதான் விட்டதாகக் கணக்கு. இதில் விரல் மேல்நோக்கி இம்மியளவு நகர்ந்தாலே விட்டதாக எடுத்துக்கொள்ளும், எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் சரி. கவுண்டர்-ஸ்ட்ரைக் போன்ற சுடும் விளையாட்டில் ஓடிக்கொண்டே சுட்டால் குறி சிதறும். நின்று சுட வேண்டும். இடப்பக்கம் ஓடுகிறவர் நிற்பதற்கு வலப்பக்க விசையை ஒரு கணம் தட்டுவார். ரேபிட் டிரிக்கரில் அந்த நிறுத்தம் விரலின் எண்ணத்தோடு ஒட்டிப் போகிறது. நண்பரின் கீபோர்டில் ஒரு மாலை விளையாடிப் பார்த்தேன். வித்தியாசம் கற்பனை இல்லை, கையில் தெரிந்தது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் வசதி ஒன்று உண்டு. கீபோர்டு தயாரிக்கும் ரேசர் நிறுவனம் 2024-இல் ஸ்னாப் டேப் என்று கொண்டுவந்தது. எதிரெதிர் விசைகள் இரண்டையும் பிடித்திருந்தாலும் கடைசியாக அழுத்தியதை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். விரலின் திறமையைக் கருவி செய்துமுடிக்கிறது என்பதால், அதே ஆண்டு ஆகஸ்டில் கவுண்டர்-ஸ்ட்ரைக்கைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இன் தன் சர்வர்களில் அதற்குத் தடை போட்டது. எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. தடை ரேபிட் டிரிக்கருக்கு இல்லை. ஆகவே வாங்கியவர்கள் அந்த ஒரு வசதியை அணைத்துவிட்டு விளையாடலாம்.

எழுதுவதற்கு? 0.1 மில்லிமீட்டரில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தால், விசைமேல் விரலை வைத்து யோசிக்கும்போதே எழுத்து விழும். எழுத்து வேலைக்கு 1.5 அல்லது 2 மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றியதும் அது ஒரு நல்ல சிவப்பு ஸ்விட்ச் போலத்தான். அதற்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. நொடிக்கு 8,000 முறை தகவல் அனுப்பும் என்ற விளம்பரத்துக்கும் மயங்க வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சி மாற 16.7 மில்லிவினாடி ஆகிறது. நொடிக்கு 1,000 முறை அனுப்பும் கீபோர்டு 1 மில்லிவினாடியில் சொல்லிவிடுகிறது. அங்கே மிச்சம் பிடிப்பதைவிடத் திரையை மாற்றினால் கண்ணுக்கே பலன் தெரியும்.

மேக்னெட்டிக் கெடும் விதத்தையும் பார்த்துவிடுவோம். கெட்டுப்போக இதில் உலோக இதழ்கள் இல்லை என்பது உண்மை. ஆனால் எவ்வளவு ஆழம், எப்போது விடுவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது மென்பொருள். தயாரித்தவர்கள் அதைக் கைவிட்டால் கடைசியாகச் சேமித்த அமைப்போடு நீங்கள் நின்றுவிடுவீர்கள். காந்தத்தின் வலுவும் அதன் முனை எந்தப் பக்கம் என்பதும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், கிடைத்த ஸ்விட்ச்சையெல்லாம் செருக முடியாது. செருகினாலும் மறுபடி அளவு திருத்த வேண்டும். மெக்கானிக்கலில் கியூஎம்கே என்ற திறந்த மூல உள்நிரல் இயங்கும் கீபோர்டாகப் பார்த்து வாங்கினால், நிறுவனம் இருந்தாலும் போனாலும் விசைகளை நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம்.

மடிக்கணினியில் விசைக்கு அடியில் கத்தரிக்கோல் போல் குறுக்காக மடங்கும் அமைப்பைப் போட்டியில் சேர்க்கவில்லை; மடிக்கணினி வாங்கும்போது அதை யாரும் தனியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் பழுதுபார்க்க முடியாமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதன் உறவுக்காரரே சாட்சி. ஆப்பிள் 2015-இல் கொண்டுவந்த பட்டர்ஃபிளை விசைகள் மெலிதானவை. ஒரு தூசித் துகள் போதும், விசை மாட்டிக்கொள்ளும். 2018-இல் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவிக்க வேண்டிவந்தது. 2019 இறுதியில் 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழைய கத்தரிக்கோல் முறைக்கே திரும்பினார்கள்.

என் தீர்ப்பு இதுதான். நாள் முழுக்க எழுதி, இடையிடையே விளையாடுகிறவர்கள் ஹாட்ஸ்வாப் மெக்கானிக்கலை வாங்கலாம். சுடும் விளையாட்டில் தரவரிசைக்காக உழைக்கிறவர்களுக்கு மேக்னெட்டிக். அங்கே தரும் பணத்துக்குப் பொருள் இருக்கிறது. எப்போதாவது மின்னஞ்சல் எழுதுகிறவர்களும், அமைதி கட்டாயமான இடத்தில் வேலை செய்கிறவர்களும் நல்ல மெம்பிரேன் ஒன்றை மனக்குறையில்லாமல் வாங்கலாம். விசைமூடிகள் பிபிடி பிளாஸ்டிக்கில் இருந்தால் நல்லது. ஏபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் சில மாதங்களில் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கத் தொடங்கும்.

மெக்கானிக்கல் வாங்குகிறவர்கள் அதே ஸ்விட்ச்சில் பத்து கூடுதலாக வாங்கி, பெயரை எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். நான்கு வருடம் கழித்துத் தேடினால் அதே வகை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நான் வாங்கி வைக்கவில்லை. இழுப்பறையில் கிடந்தது சற்று வலுவான ஸ்பிரிங் கொண்ட வேறு வகை. இந்தக் கட்டுரையில் 'க' வந்த ஒவ்வொரு இடத்திலும் என் வலது ஆள்காட்டி விரல் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தியிருக்கிறது.