உப்புத் தண்ணிக்குக் காந்தம் விற்க வருகிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள்

கோயம்புத்தூரில் காளப்பட்டி, சரவணம்பட்டி பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். "தண்ணி டெஸ்ட் இலவசமா பண்ணித் தர்றோம்ங்க" என்று வீடு வீடாக வந்து, உப்புப் படியாமல் தடுக்கும் என்று சொல்லி ஒரு காந்தக் கருவியை விற்கிறார்கள். எங்கள் வீட்டில் 32,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள், அப்புறம் கீசரும் போயிற்று.

எங்கள் பக்கத்து நிலைமை உங்களுக்கே தெரியும். சிறுவாணியோ பில்லூரோ, நல்ல தண்ணி வருகிற அன்றைக்குப் பிடித்து வைத்தால் அது குடிக்கவும் சமைக்கவும் சரியாக இருக்கும். குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாமே போர் தண்ணிதான். சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்கு விழும், பக்கெட்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு கட்டும், ஷவரில் பாதி ஓட்டை அடைந்து மீதி ஓட்டையில் தண்ணி பக்கவாட்டில் பீய்ச்சும். இந்தக் கஷ்டத்தைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள்.

வந்த அன்று வீட்டில் மாமனார் மட்டும். ஒரு டம்ளரில் எங்கள் வீட்டு ஆர்ஓ தண்ணி, இன்னொன்றில் போர் தண்ணி. ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதன் அடியில் கம்பிகள். இரண்டு டம்ளரிலும் கம்பி முங்குகிற மாதிரி வைத்து பிளக்கில் சொருகி சுவிட்சைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் போர் தண்ணி பச்சையும் காவியுமாகக் கலங்கி மேலே அழுக்கு நுரை கட்டிவிட்டது, ஆர்ஓ தண்ணி அப்படியே இருந்தது. "பாருங்க ஐயா, இதைத்தான் பேரப்பிள்ளைங்க தலையில ஊத்தறீங்க" என்றார்களாம். அதைக் கேட்ட பிறகு எந்தத் தாத்தா சும்மா இருப்பார்?

என் சித்தி மகள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குப் பயங்கரக் கோபம். அந்த அழுக்கு தண்ணியிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது. உப்பு இருக்கிற தண்ணியில் மின்சாரம் ஓடும், ஓடினால் இரும்புக் கம்பி கரைந்து துருவாகத் திரளும். ஆர்ஓ தண்ணியில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாக ஓடாது, அதனால் கம்பி கரையவில்லை. அந்த ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டிருந்தால் அதுவும் அதே நிறத்துக்கு மாறியிருக்கும். யாராவது இந்த டப்பாவோடு வந்தால் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள், போதும்.

மாட்டிவிட்டுப் போனது மெயின் பைப்பின் மேல் இறுக்குகிற இரண்டு காந்தக் கட்டை. பைப்பை அறுக்க வேண்டாம், உப்பு போட வேண்டாம், கரண்ட் வேண்டாம் என்றார்கள். "பைப்புக்குள்ள இருக்கிற பழைய உப்பு கரைய மூணு மாசம் ஆகும், அதுவரை வித்தியாசம் தெரியாதுங்க" என்றும், "கால்சியம் அங்கேயேதான் இருக்கும், அதோட வடிவம் மட்டும் மாறிடும், அதனால லேப் டெஸ்ட்ல வராது" என்றும் சொல்லி வைத்தார்கள். இந்த இரண்டு வார்த்தையும்தான் மோசடியின் மையம். மூன்று மாதம் நம் வாயைக் கட்டிப்போட ஒன்று, அதற்கு மேல் லேப் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் நீட்டினால் தப்பிக்க இன்னொன்று. மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டால் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. பில்லில் ஜிஎஸ்டி நம்பரும் இல்லை.

நடுவில் கீசர் அடிக்கடி டிரிப் ஆக ஆரம்பித்தது. பிளம்பர் அண்ணன் கழற்றி எலிமெண்டை வெளியே இழுத்தபோது அது கம்பி மாதிரியே இல்லை, சுற்றிலும் சாம்பல் வெள்ளையில் விரல் கனத்துக்குப் பொருக்கு, தட்டினால் முட்டை ஓடாட்டம் உதிர்கிறது, ஓரிடத்தில் கம்பியின் உறையே வெடித்துப் பிளந்திருந்தது. டேங்கின் அடியில் அதே பொருக்கு குவிந்து கிடந்தது. "காந்தம் மாட்டினதுல ஒண்ணும் ஆகலீங்க, தண்ணி அதே தண்ணிதான்" என்றார்.

போர் தண்ணியில் கரைந்திருக்கிற கால்சியம் பைகார்பனேட் சூடானால் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிந்துவிடும். அதனால்தான் பச்சைத் தண்ணி பைப்பைவிட கீசர், சோலார் ஹீட்டர், சுடுதண்ணி லைன் எல்லாம் முதலில் அடைக்கின்றன. பொருக்கு மூடினால் எலிமெண்டின் சூடு தண்ணிக்குப் போகாமல் உள்ளேயே நின்று எரிந்துவிடும். அதற்கு முன்பே கரண்ட் பில் ஏறியிருக்கும்.

காந்தத்துக்கு முன்னால் ஒரு பாட்டில், பின்னால் ஒரு பாட்டில் பிடித்து குடிநீர் வடிகால் வாரியத்தின் லேபில் கொடுத்தோம். இரண்டிலுமே கடினத்தன்மை, அதாவது தண்ணியில் கரைந்திருக்கிற கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 780 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 சொல்வது 200, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. கட்டணம் கொஞ்சம்தான், எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

கடினத்தன்மையை எடுக்க வீட்டுக்குத் தோதான வழி ரெசின் போட்ட சாஃப்ட்னர்தான். ரெசின் மணிகள் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், நிறைந்த பிறகு உப்புக் கரைசல் ஓட்டிக் கழுவினால் திரும்ப வேலை செய்யும். உப்பே போட வேண்டாத சாஃப்ட்னர் என்று யாராவது சொன்னால் அது சாஃப்ட்னர் இல்லை. விற்பவரிடம் கணக்குக் கேளுங்கள். எங்கள் தண்ணியில் தினமும் 500 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 390 கிராம் கடினத்தன்மை. ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் பிடிக்கும், ஆக 25 லிட்டர் ரெசின் மூன்று நாளைக்கு வரும், அப்புறம் உப்பு போட்டுக் கழுவியாக வேண்டும். இதைச் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். அவ்வளவு செலவு முடியாதென்றால் கீசருக்குப் போகிற லைனுக்கு மட்டும் சின்னதாக ஒன்று போடலாம்.

டிடிஎஸ் (தண்ணியில் கரைந்திருக்கிற மொத்த உப்பு) மீட்டரைக் காட்டி "பாருங்க குறைஞ்சிடுச்சு" என்றாலும் நம்பாதீர்கள். சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸைக் குறைக்காது, ஒன்றை எடுத்து ஒன்றைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, மூடி போட்ட பாட்டிலில் பாதி தண்ணி, இரண்டு சொட்டு சோப்புத் தண்ணி விட்டுக் குலுக்குங்கள். நுரை நின்று அடியில் தண்ணி தெளிவாக இருந்தால் சரி, பால் மாதிரி கலங்கினால் கடினத்தன்மை அப்படியே இருக்கிறது. சாஃப்ட்னர் தண்ணியில் சோடியம் கூடும், பிபி இருக்கிறவர்கள் குடிக்க வேண்டாம், செடிக்கும் ஊற்றாதீர்கள். ரெசின் கழுவிய உப்புத் தண்ணியை மழைநீர்க் குழியில் விட்டுவிடாதீர்கள், அது நம் போருக்கே திரும்பி வரும்.

ஷவரைக் கழற்றி வினிகரிலோ எலுமிச்சை உப்பு கரைத்த சுடுதண்ணியிலோ ராத்திரி ஊறப்போட்டால் ஓட்டை திறந்துவிடும். ஆசிட் ஊற்றினால் குழாயின் பளபளப்பு உரிந்துவிடும், பிளீச்சிங் பவுடர் இருக்கிற இடத்தில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பி உயிருக்கே ஆபத்து. கீசரை வருடத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து ஆனோடு ராடையும் (டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் அரிந்துபோகிற கம்பி) பாருங்கள், சூட்டை 50, 55 டிகிரியில் வைத்தால் படிவது குறையும்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டோம், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். இதே காந்தத்தை வாங்கியவர்கள் பில், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வந்தவர்களின் கேமரா பதிவு இருந்தால் அழியாமல் எடுத்து வைத்துக்கொண்டு எங்களுக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போடலாம்.