வொம்பரூ கங்காரு பால்பொடி: ஒரு குட்டிக்கு நான்கு டப்பா

மிரண்ட தாய் வாலபி (கங்காரு இனத்துச் சிறிய விலங்கு) வயிற்றுப் பையிலிருக்கும் குட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடும். தாய் நலமாக இருந்தால் குட்டிக்குச் சூடு ஏற்றி மறுபடி பைக்குள் விட்டு, பை வாயைச் சிறிது நேரம் பிளாஸ்திரியால் ஒட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. அது பலிக்காவிட்டால்தான் புட்டிப்பால். அப்போது எடுக்க வேண்டியது தெற்கு ஆஸ்திரேலியத் தயாரிப்பான இந்த வொம்பரூ பால்பொடி.

பசும்பால் பக்கமே போகக்கூடாது. அதிலுள்ள லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை உடைந்து வரும் காலக்டோஸ் என்ற சர்க்கரையை வாலபிக் குட்டியின் உடலால் சரியாகச் செரித்துக்கொள்ள முடியாது. முதலில் வயிற்றுப்போக்கு, பிறகு கண்புரை. இந்தப் பொடியில் லாக்டோஸ் மிகக் குறைவு.

இதை 0.4-க்குக் கீழ், 0.4, 0.6, 0.7 என்று நான்கு வகையாக விற்பது வியாபாரத் தந்திரம் அல்ல. தாய்ப்பாலே அப்படித்தான்: ஆரம்பத்தில் நீர்த்து, சர்க்கரை கூடியிருக்கும், பின்னாளில் சர்க்கரை இறங்கிக் கொழுப்பு ஏறும். வெளியே துள்ளும் மூத்ததற்கு ஒரு காம்பிலும் பைக்குள் இருக்கும் இளையதற்கு இன்னொரு காம்பிலும் ஒரே தாய் ஒரே நாளில் இரண்டு விதப் பால் கொடுக்கும்.

குழப்புவது டப்பா மேலுள்ள எண். 0.4 என்றால் பை வாழ்க்கையில், அதாவது பிறந்ததிலிருந்து பையை விட்டு ஒரேயடியாக வெளியேறும் வரையுள்ள காலத்தில், 40 விழுக்காடு முடிந்த குட்டி. இது இனத்துக்கு இனம் மாறும். பார்மா வாலபி என்ற இனத்துக்குப் பை வாழ்க்கை சுமார் 210 நாள், ஆக 0.4 என்பது 84ஆம் நாள், 0.6 என்பது 126, 0.7 என்பது 147. டாமர் வாலபி என்ற இன்னொரு இனத்துக்குச் சுமார் 250 நாள். அதே கணக்கு 100, 150, 175 என்று நகரும். 130 நாள் பார்மாவுக்கு 0.6 டப்பா, அதே வயது டாமருக்கு 0.4. பிறந்த நாள் தெரியாதே என்றால், ஒரு கிராம்கூட இல்லாமல் பிறப்பதை யார் பார்த்தது? குதிகாலிலிருந்து நீண்ட விரலின் நுனி வரை, நகத்தை விட்டுவிட்டு அளந்து, அந்த இனத்துக்கான வளர்ச்சி அட்டவணையில் பாருங்கள். எடையை மட்டும் நம்ப வேண்டாம். நீர் வற்றிய குட்டி வயதுக்குக் குறைவாகவே காட்டும்.

வகை மாற்றும்போது ஒரு வாரமாவது இரண்டையும் கலந்து, விகிதத்தை மெல்ல மாற்றுங்கள். கொழுப்புப் பாலுக்கு அவசரப்பட்டுத் தாவினால் கழிச்சல். பழைய பாலிலேயே நிறுத்தினால் எடை தேங்கும்.

கலப்பது எளிது, பொறுமை வேண்டும். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் பாதியை எடுத்துப் பொடியைக் கூழாக்கி, அப்புறம் மீதியை ஊற்ற வேண்டும். மொத்த நீரையும் ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டி, புட்டிக் காம்பின் துளை அடைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் நாளுக்கு உடல் எடையில் 10 விழுக்காடு: 600 கிராம் குட்டிக்கு 60 மில்லி, ஐந்து வேளையாக, சுமார் 35 டிகிரி சூட்டில். பிறகு டப்பாவோடு வரும் அட்டவணைப்படி.

பொடியைக் குறை சொல்வதற்கு முன் காம்பைப் பாருங்கள். புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டவேண்டும், ஒழுகக்கூடாது. ஒழுகினால் நுரையீரலுக்குள் போய்விடும். சரியாகக் கொதிக்க வைக்காத காம்பால் வாயில் வெள்ளைப் படலமாகப் பூஞ்சை வரும், குட்டி குடிக்க மறுக்கும்.

மனக்குறை ஒன்றுதான்: ஒரே குட்டிக்காகப் பல டப்பா திறக்க வேண்டியிருக்கிறது. ஒன்றிரண்டு வாலபி வளர்க்கும் இடங்கள் 0.4-க்குக் கீழுள்ள வகையை வாங்கி அடுக்க வேண்டாம். அந்த வயதில் கையால் வளர்த்துப் பிழைப்பது அபூர்வம். திறந்ததைக் காற்றுப் புகாமல் மூடிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், சிக்கு வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.