தீப்பெட்டிப் படமா, போஸ்ட்கார்டா? மூன்று கையடக்க போட்டோ பிரிண்டர்களும் அவற்றைச் சுமக்கும் பைகளும்

சயான் கோலிவாடாவில் ஒரு வளைகாப்பு. பெரிய அத்தை கையில், அங்கேயே அச்செடுத்த இன்ஸ்டாக்ஸ் படம் ஒன்றைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஏல, தீப்பெட்டிப் படம் கணக்கால்லா இருக்கு? இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள். பதினோரு பேர் நின்ற படம். அத்தை முகம் மிளகு அளவுக்கு இருந்தது. "பின்னாடி, வலது பக்கம்" என்று விரல் வைத்துக் காட்டினேன். என் விரல் நாலு பேரை மறைத்தது.

அந்த வருத்தத்தில் வாங்கியதுதான் மூன்றாவது பிரிண்டர். தாராவி, சயான், செம்பூர் என்று மும்பையில் எங்கள் ஆட்கள் வீட்டு விசேஷங்களுக்குப் படம் எடுப்பவன் நான். தொழில் இல்லை, அப்படியே வழக்கமாகிப்போனது. வாட்ஸ்அப் குரூப்பில் முந்நூறு படம் போட்டாலும் அடுத்த நாள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கேயே அச்செடுத்துக் கையில் கொடுத்தால் சாமி படத்துச் சட்டத்தின் ஓரத்தில் செருகிவைத்துவிடுகிறார்கள். பத்து வருஷமானாலும் அது அங்கேயே இருக்கும்.

இப்போது வீட்டில் மூன்று இருக்கின்றன. என்னுடைய பழைய இன்ஸ்டாக்ஸ் மினி லிங்க், அக்கா மகள் வைத்திருக்கும் ஜிங்க் வகைக் குட்டி பிரிண்டர், பிறகு கேனான் செல்ஃபி சிபி1500. (தமிழில் எழுதினால் முன்கேமராவில் எடுக்கும் செல்ஃபிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. இது பிரிண்டரின் பெயர்.) மூன்றும் மூன்று வேறு ஜாதி.

ஜிங்க் தாளுக்கு மை கிடையாது. நிறங்கள் தாளுக்குள்ளேயே மூன்று அடுக்காகத் தூங்குகின்றன. சூடு பட்டால் விழித்துக்கொள்ளும். மேலடுக்கு மஞ்சளுக்கு அதிகச் சூடு ஒரு நொடிப்பொழுது போதும். அடியில் இருக்கும் மயில்நீலத்துக்குக் குறைந்த சூடு, ஆனால் கொஞ்சம் நேரம் வேண்டும். நடுவில் மெஜந்தா. போலராய்டு ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை இது. 2008-ல் வந்த போலராய்டு போகோ பிரிண்டரில்தான் முதலில் கடைக்கு வந்தது. இப்போது எச்பி ஸ்ப்ராக்கெட், கோடாக் ஸ்டெப் எல்லாம் இதே தாளைத்தான் தின்கின்றன. அளவு 2க்கு 3 அங்குலம், பின்னால் உரித்து ஒட்டும் பசை.

இன்ஸ்டாக்ஸ் அசல் ஃபிலிம். பிரிண்டர் என்று பேர்தானே தவிர, உள்ளே நடப்பது கேமரா வேலை: போனில் இருக்கும் படத்தை ஃபிலிம்மேல் வெளிச்சமாகக் காட்டி, ரசாயனப் பையை நசுக்கி வெளியே தள்ளுகிறது. வெள்ளையாக வரும் அட்டையில் ஒன்றரை நிமிஷத்தில் முகங்கள் மெல்ல மேலே வரும். அந்த ஒன்றரை நிமிஷத்தைச் சுற்றிப் பிள்ளைகள் கூடுவதைப் பார்த்திருக்கிறேன். வேறு எந்த பிரிண்டரும் அதைச் செய்யாது. யாராவது ஒரு சித்தப்பா வாங்கி விசிறியபடி இருப்பார். ஆட்டினால் சீக்கிரம் வராது, மடங்கினால் உள்ளே கறைதான் விழும்.

செல்ஃபி வேறு வழி. ஒரு நாடாவில் மஞ்சள், மெஜந்தா, மயில்நீலம், கடைசியில் பளபளப்புப் பூச்சு என்று வரிசையாக இருக்கும். சூட்டில் சாயம் ஆவியாகித் தாளில் ஏறும். தாள் நாலு முறை உள்ளே போய் வெளியே வரும். முதல் தடவை எல்லோரும் மஞ்சக்காமாலை பிடித்தவர்களாக வெளியே எட்டிப் பார்ப்பார்கள், நாலாவது தடவை வரும்போது வீட்டு மனுஷர்கள் ஆகிவிடுவார்கள். நிறுவனக் கணக்கில் 41 நொடி. பெட்டியின் பின்பக்கமும் தாள் நீட்டிக்கொண்டு வரும் என்பதால் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், முதல் தாள் சுவரில் இடித்த பிறகு தானாகத் தெரியும்.

அளவு விஷயத்துக்கு வருவோம், அத்தையின் வழக்கே அதுதான். இன்ஸ்டாக்ஸ் மினியில் படம் விழும் இடம் 62க்கு 46 மி.மீ. மீதி வெள்ளைக் கரை. செல்ஃபியின் போஸ்ட்கார்டு 148க்கு 100. பரப்பளவைக் கணக்குப் போட்டால் ஒரு போஸ்ட்கார்டுக்குள் ஐந்து இன்ஸ்டாக்ஸ் படம் அடங்கும். ஜிங்க் தாள் என்றால் கிட்டத்தட்ட நாலு அடங்கும். நான் வாங்கும் விலையில் ஒரு இன்ஸ்டாக்ஸ் படம் 50 ரூபாய்க்கு முன்னே பின்னே, ஒரு போஸ்ட்கார்டு 30 ரூபாயைச் சுற்றி. சின்னப் படத்துக்குப் பெரிய காசு. இதில் வாதமே இல்லை. ஒருவர், மிஞ்சினால் மூன்று பேர் நிற்கும் படத்துக்கு இன்ஸ்டாக்ஸ் அழகு. கூட்டுக்குடும்பத்தை அதில் அடைக்க நினைத்தது என் தப்பு.

நிறம். நம் விசேஷங்களில் இருப்பது மஞ்சள், குங்குமம், அரக்குப் பட்டு, மாநிற முகங்கள். ஜிங்க்கில் அரக்கு பழுப்பாகிறது, முகத்தில் லேசான செம்மை ஏறுகிறது. போனில் வெளிச்சத்தை இரண்டு படி கூட்டிவிட்டு அனுப்பினால் தேறும். இன்ஸ்டாக்ஸில் டியூப்லைட் பட்ட நெற்றி வெளுத்துவிடும், கறுப்புத் தலைமுடியில் பூ இருந்தது தெரியும், முடி தெரியாது. ஆனாலும் அந்தக் குறையே அதற்கு ஒரு பழைய ஆல்பம் களையைக் கொடுக்கிறது. செல்ஃபியில் அரக்கு அரக்காகவே வருகிறது. கழுத்துக் காசுமாலையில் காசை எண்ணலாம்.

கரண்ட் இருக்கிற இடம்வரைதான் செல்ஃபியின் ராஜ்யம். உள்ளே பேட்டரி இல்லை. தனியாக வாங்கி முதுகில் மாட்ட வேண்டும், இல்லையென்றால் அடாப்டரும் பிளக் பாயின்ட்டும். பொங்கலன்று தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைப்பார்களே, அங்கே பிளக்குக்கு எங்கே போவது? ஒரு கடைக்கார அண்ணாச்சி தன் ஜூஸ் மிக்ஸியைக் கழற்றிவிட்டு இடம் கொடுத்தார், பத்து நிமிஷத்துக்கு. அடுத்த வருஷம் இன்ஸ்டாக்ஸை எடுத்துப்போனேன். 200 கிராம் சொச்சம் எடை, ஒருமுறை சார்ஜ் போட்டால் நூறு படத்துக்குத் தாங்கும், ஃபிலிம் தீர்வதற்குள் பேட்டரி தீராது. பொங்கல் பொங்கிய படத்தைப் பானை ஆறுவதற்குள் கொடுத்துவிட்டேன். தெருவில் அதை மிஞ்ச ஆள் இல்லை.

மண்டபத்துக்குள் கதை தலைகீழ். படத்தை அனுப்புவது, வருவது எல்லாம் சேர்த்து செல்ஃபிக்கு ஒரு படம் ஒரு நிமிஷம். நாற்பது பேருக்கு நாற்பது நிமிஷம், ஒரு பந்தி உட்கார்ந்து எழுந்திருக்கிற நேரம். முதல் பந்திக்கு முன்னால் எடுத்தால் தாம்பூலப் பையோடு படத்தையும் கொடுத்துவிடலாம். ஒரு தொல்லை: தட்டில் 18 தாள்தான் நிற்கும், இரண்டு தடவை எழுந்துபோய் நிரப்ப வேண்டும். வைஃபையில் பிரிண்டரைப் பிடித்த போன், "இதில் இன்டர்நெட் இல்லை" என்று அடம்பிடித்து விலகுவது இன்னொரு தொல்லை. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டால் பிரச்சினை போகும். மற்ற இரண்டும் புளூடூத், வம்பில்லை.

ஜூலையில் மும்பை எல்லாப் பேப்பருக்கும் எதிரி. செல்ஃபி ஈரப்பதம் 80 சதவீதம்வரைதான் வேலை செய்யும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது. மழை நாளில் நம் வீட்டுச் சுவரே அதைத் தாண்டும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு சேர்ந்து உள்ளே போகும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, தாள் கட்டோடு ஜிப் கவரில் போடுகிறேன். உறை பிரித்த ஜிங்க் தாளும் சுருண்டுகொள்ளும். ஃபிலிம் பெட்டிக்கு மழையைவிட மே மாத வெயில்தான் ஆகாது. கார் டேஷ்போர்டில் விட்டுப்போனால் படத்தில் நிறம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

இனி பை. உண்மையில் என் சண்டையெல்லாம் இங்கேதான். பிரிண்டரைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள், அதை எதில் வைத்து லோக்கல் ரயிலில் ஏறுவது என்று ஒருவரும் பேசுவதில்லை. ஜிங்க்குக்கும் இன்ஸ்டாக்ஸுக்கும் பையே தேவையில்லை, சட்டைப்பை இல்லாவிட்டால் கைப்பை. செல்ஃபி பெட்டி மட்டும் 850 கிராம். அதோடு அடாப்டர், வயர், தாள்தட்டு, நாடா, நூறு தாள்.

முதலில் ஆன்லைனில் ஒரு கெட்டி உறை வாங்கினேன். கடினமான ஓடு, உள்ளே அச்சாகக் குழி, கைப்பிடி. பார்க்க மருத்துவரின் பெட்டி மாதிரி கம்பீரம். பிரிண்டர் கச்சிதமாக உட்கார்ந்தது. தாள்தட்டுக்கு இடம் இல்லை. மூடியில் இருந்த வலைப்பையில் அடாப்டரைச் செருகினால் மூடும்போது அது பிரிண்டரின் திரைமேல் அழுத்தியது. ஆகத் தட்டு என் தோள்பையில் தனியாகப் பயணம் செய்தது. ஒருநாள் சாயங்காலம் குர்லாவில் ஏறிய கூட்டத்தில் யாரோ ஒருவரின் முழங்கை அந்தப் பையில் இறங்கியது. தட்டின் மூடி கீலோடு வந்துவிட்டது. ரப்பர் பேண்டு போட்டு ஒரு விசேஷத்தை ஓட்டினேன்.

பிறகு பழைய கேமரா தோள்பை. எல்லாம் அடங்கியது, தடுப்புகளை நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் வருஷக்கணக்காகச் சேர்ந்த தூசியும் பஞ்சும் அதில் இருந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை, நாடாவுக்குத் தெரிந்தது. தாளின்மேல் ஒரு தூசி இருந்தால் அந்த இடத்தில் சாயம் ஏறாது. ஒரு மாப்பிள்ளையின் கன்னத்தில் வெள்ளைப் புள்ளி, அடுத்த படத்தில் மாமியார் கழுத்தைக் குறுக்கே வெட்டிய கோடு. கோட்டை மாப்பிள்ளை வீட்டார் சகுனமாகப் பார்க்காமல் விட்டது அவர்கள் பெருந்தன்மை.

கடைசியில் தாராவிக்கே போனேன். ஊரெல்லாம் தோல்பை தைத்து அனுப்புகிற இடத்தில் இருந்துகொண்டு ஆன்லைனில் பை தேடிய என்னை என்ன சொல்ல! நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், மாடியில் இரண்டு மெஷின் போட்டிருக்கும் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பது வருஷமாக அதே ஜன்னலோரம். பிரிண்டரைக் கையில் வாங்கிச் சாண் வைத்து அளந்தார். பிறகு, "தம்பி, இது எதுக்குப் பயப்படும்? தண்ணிக்கா, அடிக்கா?" என்று கேட்டார். தூசிக்கு என்றேன். அந்த ஒரு பதிலில் பையே மாறிப்போனது.

மெத்தை ஸ்பாஞ்சை ஒதுக்கிவைத்தார், "ரெண்டு வருசத்துல மாவாக் கொட்டும்." வெல்வெட்டும் கூடாது, பஞ்சு விடும். செருப்பு அடிப்பாகத்துக்கு வெட்டும் கெட்டி ரப்பர் ஷீட்டைப் பலகையாக வைத்து, உள்ளே வழவழப்பான குடைத்துணி, வெளியே கான்வாஸ். நான் தோல் கேட்டேன், "மழையில பூஞ்சை பூக்கும், வேண்டாம்" என்று அதையும் தள்ளினார். தாள்தட்டுக்கு முதுகுப்பக்கம் தனி அறை, அடாப்டருக்குக் கீழே அறை, ஜிப்புக்கு மேலே மழை இறங்காமல் ஒரு மடிப்பு. கைப்பிடியைத் தவிர தோளில் மாட்டும் பட்டை, அதுவும் மார்போடு பையை முன்பக்கம் அணைத்துக்கொள்ளும் நீளத்தில். லோக்கல் ரயிலில் பை முதுகில் இருந்தால் அது நம் பை இல்லை என்று அவருக்கும் தெரியும். 900 ரூபாய். ஆன்லைன் உறை அதைவிட அதிகம். குறை சொல்ல வேண்டுமென்றால், தூரத்திலிருந்து பார்க்க டிபன் பை மாதிரி இருக்கிறது. மண்டபத்தில் ஒருவர் அதைச் சமையல்கட்டுக்கு எடுத்துப்போய் வைத்தும்விட்டார்.

விமானத்தில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரியைக் கைப்பையில் வையுங்கள். இன்ஸ்டாக்ஸ் ஃபிலிம்மை லக்கேஜில் போடவே கூடாது, அங்கே கதிர் பலமாகப் பாயும். கையில் வைத்து, தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஜிங்க் தாளுக்கும் செல்ஃபி தாளுக்கும் அந்தக் கதிர்க் கவலை கிடையாது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஜிங்க். நோட்டு, தண்ணீர் பாட்டில், அலமாரிக் கதவு என்று ஒட்டித் தீர்க்கட்டும், வேறு எதிர்பார்ப்பு வேண்டாம். கடற்கரை, தெருப் பொங்கல், நண்பர்களோடு ஊர் சுற்றல் என்று இருப்பவருக்கு இன்ஸ்டாக்ஸ். வயதானவர்கள் இருக்கும் குடும்பத்துக்கு செல்ஃபியும், தைத்த பையும். பையை விட்டுவிட்டு செல்ஃபி மட்டும் வாங்குவதானால் வேண்டாம். அது மூன்றாவது மாதமே பீரோமேல் ஏறிவிடும். என் உறவில் இரண்டு பேர் வீட்டில் அப்படி ஏறியிருக்கிறது.

செல்ஃபியில் இன்னும் ஒன்று உண்டு, விசேஷ வீடுகளில் கட்டாயம் கவனிக்க வேண்டியது. தீர்ந்த நாடாவை வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்தால், அச்சடித்த அத்தனை படமும் நெகட்டிவாக வரிசையாக நிற்கும். முகம், நகை எல்லாம் தெரியும். ஒரு வளைகாப்பு முடிந்த வீட்டில் பிள்ளைகள் குப்பைக்கூடையிலிருந்து அதை எடுத்து வாசல்வரை உருவி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து நாடாவை விசேஷ வீட்டில் போடுவதில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து துண்டு துண்டாக வெட்டித்தான் போடுகிறேன். பழைய நாடாவுக்கென்று பக்கவாட்டில் ஒரு சின்னப் பை வேண்டும் என்று திரும்பப் போய்க் கேட்டேன். அண்ணாச்சி 50 ரூபாய் வாங்கிக்கொண்டு தைத்துக்கொடுத்தார், கத்தரிக்கோல் செருக ஒரு பட்டையும் சேர்த்து.