கேரவன் சமையல் மேடையும் சிங்க்கும்: ஆறு ஆண்டு அனுபவம், ஓர் ஓரக்கோட்டின் தொல்லை

கேரவனின் சமையல் மேடையிலிருந்து சிங்க்கைக் கழற்றி, பழுது பார்த்து, சென்ற வாரம்தான் மீண்டும் பொருத்திப் படமும் போட்டேன். அந்தப் படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், தாமும் இதே அமைப்புள்ள வண்டி ஒன்றை வாங்கப்போவதாகவும், பலகைமேல் மெல்லிய தகடு ஒட்டிய லேமினேட் மேடையும் எவர்சில்வர் சிங்க்கும் நெடுநாள் தாங்குமா என்றும் கேட்டிருந்தார். "தாங்கும்" என்று ஒரே சொல்லில் பதில் எழுதி, அனுப்பும் முன் அழித்துவிட்டேன். மேடை தாங்குகிறது, சிங்க்கும் தாங்குகிறது. இரண்டும் சந்திக்கும் அந்தக் கோடுதான் ஆறு ஆண்டுகளாக என் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருக்கிறது.

மேடையில் வெட்டிய துளைக்குள் தொட்டி இறங்கி, அதன் உதடு மேற்பரப்பின்மீது அமர்ந்திருக்கும் வகை இது. உதட்டுக்கும் லேமினேட்டுக்கும் நடுவே நீர் புகாமல் அடைக்கும் சிலிகான் பசை, கீழிருந்து இழுத்துப் பிடிக்கக் கவ்விகள். வீட்டில் இந்த ஏற்பாடு போட்டது போட்டபடி கிடக்கும். வண்டியிலோ சாலையின் ஒவ்வொரு குழியிலும் மேடை ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ள, தொட்டி இன்னொரு பக்கம் குலுங்குகிறது. பூட்டி நிறுத்திய வண்டி பகலெல்லாம் உள்ளே புழுங்கி இரவில் குளிர்ந்துபோகிறது. அரை மீட்டர் நீளமுள்ள எவர்சில்வர் விளிம்பு, 40 டிகிரி செல்சியஸ் ஏறி இறங்கினால் ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். லேமினேட்டுக்குக் கீழே இருக்கும் துகள் பலகை அந்த அளவுக்கு அதனோடு ஒத்துப்போவதில்லை. தொட்டியில் 15 லிட்டர் நீரை நிரப்பினால் 15 கிலோ எடையும் அந்த உதட்டின்மீதுதான் இறங்குகிறது. இத்தனையையும் பொறுத்துக்கொள்ள வேண்டியது காகிதத் தடிமன்கூட இல்லாத ஒரு சிலிகான் படலம்.

இரண்டாம் ஆண்டின் இறுதியில், குழாய்க்கு இடப்புறம் லேமினேட் ஒரு விரலகலத்துக்கு மேடிட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது. துடைக்கும்போது துணி அந்த இடத்தில் மட்டும் தட்டியது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் மற்ற இடங்களில் 'டக்' என்ற ஒலி, அங்கே மட்டும் நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் 'பொத்' என்ற ஒலி. கீழ் அலமாரியைக் காலி செய்து, டார்ச்சும் கையுமாகத் தலையை உள்ளே நுழைத்து அண்ணாந்து பார்த்தபோதுதான் எரிச்சல் கோபமாக மாறியது. தொழிற்சாலையில் ரம்பம் அறுத்த விளிம்பு அறுத்த கோலத்திலேயே இருந்தது. அதன்மேல் வார்னிஷும் இல்லை, பெயின்ட்டும் இல்லை; சிலிகான் விட்ட இடத்தில் கசிந்த நீரை அது அப்படியே குடித்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் ஈர மரத்தூள் பொலபொலவென்று கண்ணில் உதிர்ந்தது. ஒரு கோட் பெயின்ட் அடித்திருந்தால் அவர்களுக்கு எத்தனை நிமிடம் கூடியிருக்கும் என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

துகள் பலகையைப் பற்றி நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். அது சமதளமானது, விலை குறைந்தது, மேலே ஒட்டிய லேமினேட்டை அலையடிக்காமல் பிடித்துக்கொள்வது. அதன் குறை ஒன்றே: மரச்சில்லுகளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை ஆதலால், நீர் பட்டதும் அமுங்கியிருந்த சில்லுகள் விரிந்துவிடும், காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பா. உப்பிய பலகையைக் காயவைத்தால் உலர்ந்த, உப்பிய பலகைதான் கிடைக்கும்.

முதல் பழுதுபார்ப்பை நானேதான் கெடுத்தேன். பழைய சிலிகானின்மேல் புதிய சிலிகானை அழகாக இழுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று கை கழுவினேன். ஆறிய சிலிகானின்மேல் புதிய சிலிகான் சரியாகப் பிடிக்காது என்பது, நான்கு மாதம் கழித்து அது நூடுல்ஸ் போல ஒரே இழையாகக் கையோடு உரிந்து வந்தபோது விளங்கியது. அதற்குப் பிறகும் அவ்வப்போது ஒட்டுப்போட்டே காலத்தைத் தள்ளினேன். அந்தப் பழியைத் தயாரிப்பாளர்மேல் போட முடியாது.

இம்முறை சிங்க்கை முழுமையாக வெளியே எடுத்தேன். பிளாஸ்டிக் சுரண்டியால் பழைய சிலிகானை நீக்கி, மிஞ்சிய எண்ணெய்ப்பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து ஒரு வாரம் மின்விசிறிக் காற்றில் உலரவிட்டேன். நைந்துபோன பகுதியை உளியால் செதுக்கி எடுத்து, கெட்டியாக இறுகும் எப்பாக்சிப் பிசினால் நிரப்பினேன்; நீர்போல் ஓடும் மெல்லிய எப்பாக்சியை அறுத்த விளிம்பு முழுவதும் அது குடிக்கும்வரை தூரிகையால் ஊட்டி, ஆறியபின் இரண்டு கோட் பெயின்ட் அடித்தேன். வினிகர் வாடை வீசும் சிலிகான் ஆறும்போது அமிலத்தை வெளியிடும் என்பதால், உலோகத்துக்கு ஏற்ற நடுநிலை வகையைத் தேர்ந்தேன். ஆறு ஆண்டில் கற்ற முக்கியமான பாடம் இந்த இடத்தில்தான் வருகிறது: சிலிகான் ஈரமாக இருக்கும்போதே கவ்விகளை இறுக்கி முடுக்கினால், அது முழுவதும் பிதுங்கி வெளியேறி, அசைவைத் தாங்கும் தடிமன் இல்லாமல் போய்விடும். ஆகவே உதடு படியும் அளவுக்கு மட்டும் கவ்விகளை மெல்லத் திருகிவைத்து, ஒரு முழு நாள் ஆறவிட்டு, மறுநாள்தான் கடைசித் திருப்பத்தைக் கொடுத்தேன். கவ்விகள் குலுக்கலில் தளர்வதால், நெடும் பயணம் ஒவ்வொன்றும் முடிந்ததும் அவற்றைக் கையால் அசைத்துப் பார்ப்பது இப்போது டயர் காற்றைப் பார்ப்பதுபோல் வழக்கமாகிவிட்டது.

மேற்பரப்பைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு வாயில்லை. பிசினில் ஊறிய காகித அடுக்குகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்த ஒரு மில்லிமீட்டர்த் தகடுதான் லேமினேட். ஆனால் இந்த ஆறு ஆண்டில் சோப்புநீரும் மென்துணியும் தவிர வேறெதையும் அது என்னிடம் கேட்கவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைத்ததால் உண்டான மங்கலான வளையம் ஒன்று இருக்கிறது, வைத்தவன் நான். சூடு பட்டால் முதலில் விட்டுக்கொடுப்பது அடியில் உள்ள பசைதான், ஓரப்பட்டையின் பசை அதனினும் விரைவாக இளகும். ஒரு தடிமனான பாத்திரத் தாங்கி போதும், அந்தக் கவலை தீர்ந்தது.

எவர்சில்வர் தொட்டியும் அப்படித்தான். மூன்றாம் ஆண்டில் அதில் பழுப்புப் புள்ளிகள் தோன்றியபோது சிங்க்கே துருப்பிடிக்கிறது என்று பதறினேன். குற்றவாளி இரும்புக் கம்பி நார். அது உதிர்த்த துகள்கள்தாம் துருப்பிடித்திருந்தன. சமையல் சோடாவைக் குழைத்து உலோகத்தின் கோடுகள் போகும் திசையிலேயே தேய்த்ததும் அவை போய்விட்டன. எஃகைக் காப்பது அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து உருவாக்கும் கண்ணுக்குத் தெரியாத படலம். இரவு முழுவதும் ப்ளீச்சை ஊறவிட்டால் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துக் குழி விழச் செய்யும். பயணத்தின்போது பாத்திரங்களைத் தொட்டியிலேயே விடுவதும் கூடாது. ரப்பர் விரிப்பைப் போட்டால் அதை எடுத்து அடியைத் துடைக்காமல் விடுவதும் கூடாது.

நான் எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்று சிங்க்கின் மூடி. மேடையின் துண்டாகவே செய்யப்பட்டு, தொட்டியின்மேல் கச்சிதமாக உட்காரும் இந்தப் பலகையை வாங்கும்போது நான் கவனித்ததுகூட இல்லை. வண்டிச் சமையலறையில் ஒரு சாண் இடம் கூடுவது வீட்டில் ஓர் அறை கூடுவதற்குச் சமம். நறுக்குவதற்கும், எழுதுவதற்கும், வரைபடம் விரிப்பதற்கும் அதுதான் மேசை. ஓட்டத்தில் கடகடக்காமலிருக்க அடியில் நான்கு சிறு ரப்பர் பொட்டுகளை ஒட்டினேன். பெட்ரோல் போட நின்ற இடங்களில்கூட அதைத் தொட்டுத் தடவிப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கழிவுநீர் நாற்றத்தைப் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். சிங்க்கின் அடியில் உள்ள வளைகுழாயில் தேங்கி வாயுவைத் தடுக்கும் நீர் ஓட்டத்தில் சிந்திப்போவதால் கழிவுநீர்த் தொட்டியின் வாயு மேலே ஏறுகிறது. வந்து சேர்ந்ததும் ஒரு குவளை நீர் ஊற்றினால் நின்றுவிடும்.

ஆக, மேடை நன்று, தொட்டி நன்று, மூடி மிக நன்று. இவ்வளவும் எழுதி, இந்த அமைப்புள்ள வண்டியை வாங்க வேண்டாம் என்றுதான் நண்பருக்கு முடித்தேன். ஒட்டுப்பலகையில் (பிளைவுட்) மேடை செய்து, அறுத்த விளிம்பை அடைத்துக் கொடுப்பவர் கிடைக்கும்வரை காத்திருக்கும்படியும், காட்சிக்கு நிற்கும் வண்டியிலேயே டார்ச்சோடு அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம் என்றும் சேர்த்தேன். உடனே பதில் வந்தது: "அப்படியானால் உங்கள் வண்டியை நியாயமான விலைக்கு எனக்குத் தருகிறீர்களா? விளிம்பைத்தான் அடைத்துவிட்டீர்களே."

தருவதாக இல்லை என்று எழுதிவிட்டேன்.