மலையகத்தில் சக்கர நாற்காலி: நீண்டநாள் பாவனையில் எது நிலைக்கிறது, எது கைவிடுகிறது

மலையகத்தில் பெரும்பாலும் கைக்கு வருவது ஒரே வகைதான்: 18 அங்குல இருக்கை, மடிக்கக்கூடிய இரும்புச் சட்டம், முன்னால் இரண்டு சின்னச் சில்லு. ஆஸ்பத்திரி வார்ட்டில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்தபிறகு முன்சில்லு கானில் (வடிகாலில்) விழும், இஸ்தோப்பு (வாசல் திண்ணை) படியில் நின்றுவிடும், மழை பெய்தால் பிரேக் பிடிக்காது. உட்காரப் போகிறவரையும் அவர் போக வேண்டிய பாதையையும் அளக்காமல் எடுப்பதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம்.

இருக்கையின் அகலம் இடுப்பு அகலத்துக்குச் சமமாக, பக்கத்துக்கு ஒரு விரல் நுழையும் இடைவெளியோடு இருக்கட்டும். ஆழத்துக்கு, பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து 2 அங்குலம் கழியுங்கள். ஆழம் கூடினால் ஆள் முன்னால் சறுக்கி வால் எலும்பில் உட்காருவார். அகலம் கூடினால் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பார். வளரும் பிள்ளைக்கு முதுகெலும்பே வளையும். 'வளர்ந்தாலும் பாவிக்கலாம்' என்று பிள்ளைக்குப் பெரிய நாற்காலி எடுப்பதை நாங்கள் ஒருபோதும் ஏற்க மாட்டோம். கையால் தள்ளும் 18 அங்குல நாற்காலியின் வெளி அகலம் 25, 26 அங்குலம் வரும். லயன் காம்பரா (அறை) கதவைத் திறந்து வைத்து, கதவுப் பலகைக்கும் மறுபக்க நிலைக்கும் நடுவே அளந்து பாருங்கள்.

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர், நல்ல கையாலும் நல்ல காலாலும்தான் நாற்காலியை ஓட்டுவார். அதனால் மெத்தை போட்டபிறகும் அந்தக் குதிகால் தரையில் முழுதாகப் படிய வேண்டும். வழக்கமான நாற்காலியில் இருக்கை 19, 20 அங்குல உயரம். குட்டையானவருக்குக் கால் எட்டாது. 17 அங்குலம் அளவுக்குத் தாழ்ந்ததைத் தேடி, நல்ல காலின் பக்கக் கால்மிதியைக் கழற்றிவிடுங்கள். சீனி வருத்தத்தால் (நீரிழிவால்) கால் எடுத்தவருக்கு ஆபத்து வேறு. முன்பக்கப் பாரம் குறைவதால் மேட்டில் நாற்காலி பின்னால் கவிழும், இரண்டு காலும் இல்லையென்றால் இன்னும் சுலபமாக. பின் அச்சை ஓரிரு அங்குலம் பின்னுக்குத் தள்ளக்கூடிய சட்டமே அவருக்கு ஏற்றது.

மலைப்பாதையில் உயிரைக் காப்பது டயரும் பிரேக்கும். சாதாரண பிரேக் ஓர் இரும்புக் கட்டையை டயரில் அழுத்துகிறது, அவ்வளவுதான். காற்று இறங்கினால் டயர் சுருங்கும், கட்டைக்கும் டயருக்கும் இடைவெளி விழும், பூட்டிய நாற்காலி சரிவில் மெல்ல நகரத் தொடங்கும். 'பிரேக் பழுதாகிவிட்டது' என்று கொண்டு வருபவற்றில் பலவற்றுக்குக் காற்றடித்தாலே போதும். டயர் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள அளவுக்குக் காற்றடித்து, பிரேக் கவ்வியின் போல்ட்டைத் தளர்த்தி, பூட்டும்போது கட்டை டயருக்குள் 3, 4 மில்லிமீட்டர் அமுங்கும்படி நகர்த்தி இறுக்குங்கள். இந்த பிரேக் நிறுத்தி வைக்க மட்டுமே. இறக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது பூட்டினால் ஆள் முன்னால் தூக்கி எறியப்படுவார். தள்ளுபவரின் கைப்பிடியில் சைக்கிள் மாதிரி பிரேக் உள்ள நாற்காலி கிடைத்தால், காசு கூடினாலும் அதையே எடுங்கள். காற்றில்லாத கட்டி டயர் பஞ்சராகாது, உண்மைதான். ஆனால் கல்லுப்பாதையின் அதிர்வு நேரே முதுகுக்கு ஏறும், நட்டுகளும் சீக்கிரம் தளரும். முன்சில்லு 5 அங்குலமென்றால் சின்னக் கல்லிலும் சிக்கும். 8 அங்குலம் ஏறிப்போகும். முன்னால் ஒற்றைச் சில்லோடு நீளமாக வரும் மூன்று சில்லு நாற்காலி தோட்டப் பாதைக்கு மிக நல்லது, ஆனால் காம்பராவுக்குள் திரும்பாது.

செங்குத்தான இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பி, தள்ளுபவர் முதுகுப்பக்கமாக இறங்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் மேட்டைப் பார்த்திருப்பார். படியில் தூக்கும்போது கால்மிதியையோ கைதாங்கியையோ பிடிக்காதீர்கள், அவை கழன்று கையோடு வரும். முன்னால் நிற்பவர் சட்டத்தின் குழாயையே பிடிக்கட்டும்.

உணர்வில்லாத உடம்புக்கு மெத்தைதான் மருந்து. பஞ்சு மெத்தை நாளாக அமுங்கித் தட்டையாகும். மழைக்காலத்தில் நனைந்தால் பல நாள் காயாது, ஈரத்தில் தோல் ஊறிப் புண்ணாகும். இரண்டு உறை வையுங்கள், உள்ளுறை தண்ணீர் புகாததாக. குளிரில் ஜெல் மெத்தை இறுகும். காற்று மெத்தையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கொழும்புப் பக்கம் தாழ்நிலத்தில் இருக்கும் ராகம வைத்தியசாலையில் அளந்து காற்றடித்த மெத்தை, 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவுக்கு வரும்போது உப்பிக் கல்லாகிவிடும், ஏனென்றால் மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. வீட்டுக்கு வந்ததும் ஆளை உட்காரவைத்து, பிட்ட எலும்புக்கு நேர் கீழே மெத்தையின் அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். எலும்புக்கும் கைக்கும் நடுவே அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை காற்று இருக்க வேண்டும். கிளினிக்குக்குக் கீழே போகும்போது அது தளர்ந்துவிடும், அங்கும் பாருங்கள். எந்த மெத்தையானாலும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கம் சாய்ந்தோ பாரத்தை மாற்றவேண்டும். இரவில் தோலைப் பாருங்கள். அழுத்தியும் மறையாத சிவப்போ கறுப்போ தெரிந்தால் மறுநாள் உட்கார வைக்காதீர்கள்.

சரிவுப்பாதைக்கு 1க்கு 12 கணக்கு. இஸ்தோப்பு ஒன்றரை அடி உயரமென்றால் 18 அடி நீளம் வேண்டும். வாசலில் அவ்வளவு இடமில்லையென்றால் நடுவே 5 அடிச் சதுரத் தளம் விட்டு மடக்கிக் கட்டுங்கள். சிமெந்து காய்வதற்குமுன் துடைப்பத்தால் குறுக்கே கோடிழுத்துவிடுங்கள். வழுவழுப்பாகப் பூசினால் பாசி பிடித்துச் சறுக்கும்.

பின்னால் கவிழாமல் தடுக்கும் சிறுசில்லு மேட்டில் அவசியம், ஆனால் படியில் தட்டும், எனவே மேலே திருப்பக்கூடியதாக இருக்கட்டும். தொங்கும் கம்பளியும் மழைக்கோட்டும் சில்லுக் கம்பிக்குள் சுற்றும், இடுப்பளவோடு முடியட்டும். மின்சார நாற்காலி வாங்குமுன் அது எத்தனை பாகை சரிவு ஏறும் என்று பாருங்கள். மேட்டு லயத்துக்குப் படிவழி அதைத் தூக்க முடியாது.

நனைந்து வந்தால் அன்றே துடையுங்கள். முன்சில்லு அச்சில் சுற்றிய முடியையும் நூலையும் வாரம் ஒருமுறை எடுங்கள், இல்லாவிட்டால் பெயாரிங் போகும். மலையகத்தில் சைக்கிள் கடை குறைவு. டவுனுக்குப் போகும்போது பழைய டயரின் எண்ணைக் காட்டி (பெரும்பாலும் 24 × 1 3/8) இரண்டு டியூப் வாங்கி வையுங்கள். தடித்த வால்வு உள்ளதென்றால் பெட்ரோல் ஷெட்டிலும் காற்றடிக்கலாம், ஆனால் அந்த மெசின் சின்ன டியூப்பை நொடியில் வெடிக்க வைக்கும். கொஞ்சம் அடித்துவிட்டு மீதியைக் கைப்பம்பால் நிரப்புங்கள்.