பால்கனியில் ஓர் அக்வாபோனிக்ஸ் தொட்டி: பொறியமைப்பு சிறப்பு, கையேடு நம் தண்ணீருக்கு உதவாது

கீழே மீன், மேலே கீரை என்ற விளம்பரத்துடன் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புவாசிகளுக்கென விற்கப்படும், மீன் கழிவு கலந்த நீரிலேயே மண்ணில்லாமல் செடி வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் தொகுப்புகளுள் ஒன்று, கோடையையும் மழைக்காலத்தையும் கடந்து எங்கள் வீட்டுக் கிழக்குப் பால்கனியில் ஓடிக்கொண்டிருக்கிறது. 75 லிட்டர் கண்ணாடித் தொட்டி, அதன்மேல் இரும்புச் சட்டத்தில் அமரும் 60க்கு 35 செ.மீ. அளவும் 20 செ.மீ. ஆழமும் கொண்ட வளர்ப்புப் படுகை, அதை நிரப்பச் சுட்ட களிமண் உருண்டைகள், பம்பும் ஏர் பம்பும் சேர்த்து 18 வாட் மின்செலவு, சில சிறு பொட்டலங்கள், ஒரு கையேடு ஆகியவை இதில் அடங்கும். விலை 15,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ இதே அமைப்பு வெவ்வேறு பெயர்களில் சந்தையில் இருப்பதாலும், நான் சொல்லப்போகும் குறைகள் பெரும்பாலும் இவ்வகை அனைத்துக்கும் பொருந்துவதாலும் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். பொருளைச் செய்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள். கையேட்டை எழுதியவர்கள் மட்டும் சென்னையின் போர் தண்ணீரையும் மே மாத வெயிலையும் கணக்கில் கொள்ளவில்லை.

முதலில் பாராட்ட வேண்டியது படுகையின் நடுவே நிற்கும் பெல் சைஃபனை. அசையும் பாகம் ஏதும் இல்லாத எளிய ஏற்பாடு அது. ஒரு நிலைக்குழாய், அதன்மேல் கவிழ்த்த அகலமான மூடி, உருண்டைகள் உள்ளே புகாமல் தடுக்கும் துளையிட்ட வெளிக்கூடு, இவ்வளவுதான். பம்ப் ஏற்றும் தண்ணீர் படுகையில் மெல்ல உயர்ந்து நிலைக்குழாயின் விளிம்பைத் தாண்டியதும் மூடிக்குள் இருக்கும் காற்று வெளியேற்றப்பட்டு, உறிஞ்சு விசை பிறந்து, படுகை முழுதும் ஒரே மூச்சில் கீழே வடிந்துவிடுகிறது. அடிவரை வடிந்ததும் காற்று உள்ளே புகுந்து விசை அறுபட, மறுபடியும் நிரம்பத் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் ஏழெட்டு நிமிடத்தில் நிரம்பி, இரண்டு நிமிடத்துக்குள் வடிகிறது. நிரம்பும்போது வேருக்கு நீரும் உணவும், வடியும்போது காற்றும் கிடைப்பதால், தண்ணீரிலேயே நின்று வேர் அழுகும் தொல்லை இல்லை. வரத்து மிகக் குறைந்தால் விசை பிறக்காமல் தண்ணீர் விளிம்பில் வழிந்துகொண்டே இருக்கும். மிக அதிகமானால் விசை அறுபடாமல் வடிந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைப் பிடிக்க ஒரு சிறு வால்வும், மிச்ச நீரைத் தொட்டிக்கே திருப்பிவிடும் கிளைக்குழாயும் கொடுத்திருக்கிறார்கள். விலை மலிந்த தொகுப்புகளில் இந்தக் கிளைக்குழாய் இருப்பதில்லை. வடிந்து முடியும் தறுவாயில் எழும் ‘களக்’ என்ற உறிஞ்சும் ஓசை மட்டும் படுக்கையறைச் சன்னலுக்கு அருகில் வைப்பவர்களின் பொறுமையைச் சோதிக்கும்.

இனிக் கையேடு. தொட்டியை நிரப்பி, உடன் வரும் பாக்டீரியா திரவத்தை ஊற்றி, மறுநாளே மீன் விடலாம் என்று அது சொல்கிறது. விற்பனைக்கு உகந்த வாக்கியம் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி இல்லை. மீனின் கழிவிலிருந்தும் செவுள் வழியாகவும் வெளிப்படும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றிய பிறகே செடிக்கு உண்ணத்தக்க தழைச்சத்து கிடைக்கிறது. இவ்விரு கூட்டங்களும் களிமண் உருண்டைகளின் நுண்துளைகளில் குடியேறி நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். எனவே மீன் இல்லாமலேயே நாள்தோறும் ஒரு சிட்டிகை தீவனத்தைப் போட்டு அழுகவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி, நைட்ரேட் தென்பட்ட பின்னரே மீன் விட்டேன். நன்றாக ஓடும் மீன் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய ஃபில்டர் பஞ்சைப் படுகை நீரில் பிழிந்துவிடுவது பாட்டில் திரவத்தைவிடப் பயன் தரும். இந்த மாற்றங்களைக் கவனிக்க அம்மோனியா, நைட்ரைட் சோதனைத் திரவங்கள் கட்டாயம் வேண்டும். தொகுப்பில் இருப்பதோ நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். காகிதப் பட்டைகள் மட்டுமே.

நம் ஊர் நீரில் இந்த அவசரம் கூடுதல் ஆபத்தானது. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 எனில், நீரில் உள்ள அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பங்கே மீனைக் கொல்லும் வடிவில் இருக்கும்; பி.எச். 8 எனில் அது ஏழு விழுக்காட்டைத் தாண்டிவிடும். எங்கள் குடியிருப்பின் போர் தண்ணீர் 8க்குச் சற்று மேலேயே நிற்கிறது. மெட்ரோ வாட்டர் இதைவிடப் பரவாயில்லை என்றாலும் அதில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த வாளியில் ஏர் பம்ப் ஓடவிட்டோ, மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சொட்டு மருந்தைக் கலந்தோதான் ஊற்ற வேண்டும். இல்லையெனில் மீனோடு பாக்டீரியாவும் போய்விடும்.

பி.எச். கூடிய இந்தக் கடின நீரின் இன்னொரு விளைவு செடியில் தெரிகிறது. சில வாரங்களில் புதினாவின் இளங்கொழுந்துகள் நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி வெளிர் மஞ்சளாக மாறின. இது இரும்புச்சத்துக் குறைபாடு. இதற்கென்றே தொகுப்பில் ஒரு பொட்டலம் இருக்கிறது. இரும்பைச் செடிக்கு எட்டும்படி நீரில் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்க ஒரு பிணைப்புப் பொருள் வேண்டும்; ஆனால் இந்தப் பொட்டலத்தில் இருப்பது இ.டி.டி.ஏ. என்ற பொருளுடன் பிணைத்த இரும்பு. அவ்வகை, அமிலத்தன்மை உள்ள நீரில் நன்றாக வேலை செய்யும், பி.எச். 7ஐத் தாண்டிய நீரில் பிணைப்பை இழந்து செடிக்கு எட்டாமல் போய்விடும். டி.டி.பி.ஏ. வகை சுமார் 7.5 வரை தாங்கும். அதற்கும் மேலே இ.டி.டி.எச்.ஏ. வகைதான் கைகொடுக்கும். பின்னது தண்ணீரைச் செந்நிறமாக்கும் என்றாலும் உரிய அளவில் மீனுக்குத் தீங்கில்லை. போர் தண்ணீருடன் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலப்பது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. ஆர்.ஓ. கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் இதில் ஊற்றுவோர் உண்டு. உப்பெல்லாம் அடர்ந்து நிற்பது அந்த நீரில்தான் என்பதால் அது கூடாது. முழுக்க ஆர்.ஓ. நீரிலேயே ஓட்டினாலும் சிக்கல்தான். பாக்டீரியாவின் வேலையே நீரின் காரத்தைத் தின்பது என்பதால் பி.எச். சரிந்துகொண்டே போகும், அப்போது ஒரு வலைப்பையில் கிளிஞ்சல்களைக் கட்டித் தொங்கவிட்டால் ஓரளவு நிலைக்கும்.

பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் ‘நால்வர் குடும்பத்துக்கு அன்றாடக் கீரை’ என்ற வாக்குறுதியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2014இல் வெளியிட்ட சிறு அளவு அக்வாபோனிக்ஸ் வழிகாட்டி, இலைக் காய்கறிகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம் என்று அளவு சொல்கிறது. நம் படுகை 0.21 சதுர மீட்டர். அதாவது 8 முதல் 10 கிராம் தீவனம். அவ்வளவையும் தின்று தீர்க்க அரை கிலோவுக்குக் குறையாத எடையில் மீன்கள் வேண்டும். கடைக்காரர் பரிந்துரைக்கும் ஆறேழு சிறு கோல்டு ஃபிஷ்களோ நாளுக்கு இரண்டு, மூன்று கிராம் தின்றாலே அதிகம். ஆகவே படுகையில் மூன்றில் ஒரு பங்கு செடிகளுக்கு மட்டுமே வயிறு நிறையும். வாரம் ஒருமுறை ஒரு கூட்டுக்கு ஆகும் கீரை, துவையலுக்குப் புதினா என்ற அளவில் எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

அதே பெட்டியில் திலேப்பியா படம் போட்டிருப்பதும் பொருத்தமற்றது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு நம் குளங்களில் ஜிலேபிக் கெண்டையாகப் பெருகி, உள்நாட்டு மீன்களுக்குப் போட்டியான இனம் அது. அதன் வளர்ப்புக்கு அரசின் கட்டுப்பாடுகள் உண்டு. 75 லிட்டரில் சாப்பாட்டு மீன் வளர்ப்பது எப்படியும் நடவாத காரியம். கொளத்தூர் மீன் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் மோலி, கப்பி ஆகியவை கடின நீரை விரும்புபவை என்பதால் அவற்றுடன் இரண்டு கோல்டு ஃபிஷ் போதுமானது. கப்பி இருந்தால் கொசுப்புழு மிஞ்சாது. படுகையின் மேல்மட்ட உருண்டைகள் இரண்டு விரற்கடை அளவுக்கு எப்போதும் காய்ந்தே இருக்குமாறு நிலைக்குழாயை வெட்டியிருப்பதால் மேலேயும் கொசு முட்டையிட இடமில்லை. மாநகராட்சி ஆய்வாளர் வந்து பார்த்தாலும் கவலையில்லை.

செடிகளைப் பொறுத்தவரை, கையேட்டில் உள்ள லெட்யூஸ் நம் வெயிலில் கசந்து பூத்துவிடுகிறது. சந்தையில் வாங்கும் கட்டிலிருந்தே ஒடித்து நடக்கூடிய பொன்னாங்கண்ணியும் புதினாவும், நீரை நாடும் வல்லாரையும் சிறப்பாக வருகின்றன. அரைக்கீரை விதையை நேராகத் தூவினால் உருண்டைகளுக்கிடையே நழுவிப் போய்விடும். தக்காளி, மிளகாயை இவ்வளவு சிறிய தொட்டி தாங்காது.

தொகுப்பில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைத்த பொருள், இலவச இணைப்பாக வந்த வேப்பெண்ணெய்க் கரைசல் பாட்டில். ‘இயற்கைப் பூச்சிவிரட்டி’ என்று எழுதியிருக்கிறது. மண் தொட்டிக்கு நல்லதுதான். இங்கே இலையில் தெளிப்பது அடுத்த சுற்றிலேயே மீனிடம் போய்ச் சேரும். வேப்பெண்ணெயும் அதைக் கரைக்கும் சோப்பும் மீனின் செவுளுக்குப் பகை. அசுவினிப் பூச்சி வந்தால் விரலால் நசுக்குவதும், கிளையை ஒடித்து எறிவதுமே வழி. மறுபக்கம், மீனுக்கு நோய் வந்தால் கல்லுப்பையோ மருந்தையோ தொட்டியில் போடவும் முடியாது. வேறொரு வாளிக்கு மாற்றித்தான் வைத்தியம் செய்ய வேண்டும். இது பற்றி ஒரு வரிகூடக் கையேட்டில் இல்லை.

எடையைப் பற்றியும் அது மௌனம் சாதிக்கிறது. தண்ணீர் மட்டும் 75 கிலோ. கண்ணாடி, சட்டம், நனைந்த உருண்டைகள் எல்லாம் சேர்ந்தால் 140 கிலோவை நெருங்கும். குடியிருப்புக் கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை, அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோவும் பால்கனிக்கு 300 கிலோவும் பயன்பாட்டுச் சுமையாகக் கொள்கிறது. இத்தனை எடை சிறு பரப்பில் குவிவதால், கைப்பிடிச் சுவர்ப் பக்கம் அல்லாமல் வீட்டுச் சுவரை ஒட்டி, பீம் செல்லும் இடத்தில் வைப்பதே முறை. பழைய கட்டடமானால் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிடலாம். மின்செலவு பொருட்டல்ல: இரு மாதக் கணக்கில் சுமார் 26 யூனிட். ஆனால் கோடையில் நீர் 32 டிகிரியைத் தொடும்போது கரையும் ஆக்சிஜன் குறைந்துவிடுவதால், மின்தடையின் போது ஏர் பம்பாவது இன்வெர்ட்டர் இணைப்பில் ஓட வேண்டும். கண்ணாடியின் வெயில் படும் பக்கத்தைக் கறுப்புத் தாளால் மறைக்காவிட்டால் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகிவிடும். காட்சிக்கு வைக்கலாம் என்று விற்கப்படும் கண்ணாடித் தொட்டியை மூடி வைக்க வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

பொருத்தித் தர வந்த பணியாளர் மட்டம் பார்த்து, கசிவு சோதித்து, பொறுமையாக வேலை செய்தார். தண்ணீரின் கடினத்தன்மை பற்றிக் கேட்டதற்கு மட்டும் “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். கைவேலை தெரிந்தவர்கள் கொளத்தூரில் தொட்டியும் பம்பும், பிளம்பிங் கடையில் குழாய்களும் வாங்கிப் பாதி விலையில் இதைச் செய்துவிடலாம். சைஃபனைச் சரிப்படுத்தும் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த விலை நியாயமானதே. பம்புக்கு ஓராண்டு உத்தரவாதம் உண்டு. நம் உப்பு நீரில் அதன் இம்பெல்லரில், அதாவது நீரைத் தள்ளும் சுழல் விசிறியில், வெள்ளைப் படிவு கட்டி வேகம் குறையும். மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் சரியாகிவிடுகிறது. அப்படிக் கழற்றும்போது எளிதில் ஒடியக்கூடிய மெல்லிய அச்சுத்தண்டு தனியாகக் கடைகளில் கிடைப்பதில்லை. வாங்கும்போதே கூடுதலாக ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.