நாளிதழ்ச் சுருளா, செய்தி அறையா, 384 வாசகர்களா? தமிழ் ஊடக ஆய்வுக்கு மூன்று வழிகள்

மலேசியப் பல்கலைக்கழகங்களில் முதுகலை ஆய்வு செய்த யாரிடமாவது 384 என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட அட்டவணையில் வரும் எண் அது. மக்கள்தொகை பத்து லட்சமாக இருந்தாலும் 384 பேரிடம் கேட்டால் போதும் என்கிறது அந்த அட்டவணை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் இந்த எண்ணை எழுதி, கூகுள் படிவம் ஒன்றைத் தயாரித்து, நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டால் பாதி ஆய்வு முடிந்தது என்று நம்புகிறவர்கள் கோலாலம்பூரில் நிறையப் பேர்.

தமிழ் ஊடகத்தை ஆய்வுப் பொருளாக எடுக்கும் மாணவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள்தாம் இருக்கின்றன. வாசகரிடமோ நேயரிடமோ போய்க் கேட்கலாம். செய்தி அறைக்குள் போய் உட்கார்ந்து கவனிக்கலாம். நூலகத்தில் பழைய நாளிதழ்களின் மைக்ரோபிலிம் சுருள்களை, அதாவது பக்கங்களைச் சிறிதாகப் படமெடுத்து வைத்த படச்சுருள்களை, வரவழைத்துப் படிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஆகும் காலம் வேறு, வாங்க வேண்டிய அனுமதி வேறு, முடிவில் கையில் மிஞ்சுவதும் வேறு. என் சாய்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் நாளிதழ்ப் பக்கம். ஆனால் எல்லோரையும் அந்தப் பக்கம் இழுக்க மாட்டேன்.

வாசகரிடம் போவது

மூன்றில் விரைவாக முடிவது இதுதான். மேற்பார்வையாளருக்குப் பழகிய வழி, தேர்வாளருக்கும் பழகிய வழி. ஸ்மார்ட் பிஎல்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் எண்களை ஏற்றினால் அம்புக்குறிகள் பாயும் அழகான வரைபடம் ஒன்று வந்துவிடும். ஆய்விதழ்களும் அதைப் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கின்றன. ஸ்கோபஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வந்தால்தான் பட்டம் என்ற நெருக்கடியில் இருப்பவர் இதைத் தேர்ந்தெடுத்தால் குறை சொல்ல மாட்டேன்.

குறை அந்த 384இல் இருக்கிறது. அந்த அட்டவணை ஒரு நிபந்தனையின் பேரில்தான் செல்லும்: மக்கள்தொகையில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கைமாறிப் போகும் படிவத்தில் யார் விழுகிறார்கள்? மாணவரின் சித்தி, தமிழ்ப்பள்ளிக் காலத்து நண்பர்கள், கோயில் இளைஞர் குழு, சித்தியின் அலுவலகத் தோழிகள். 384 பேர் சேர்ந்துவிடுவார்கள், ஆனால் அவர்கள் மாணவருடைய உறவுவட்டத்தின் மாதிரியே தவிர மலேசியத் தமிழ் வாசகரின் மாதிரி அல்லர். செந்தூலில் ஓர் ஒட்டுக்கடையில் காலையில் ஒரே நாளிதழை ஒன்பது பேர் மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள் என்றால், அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட அந்தப் படிவத்தில் இருக்க மாட்டார்.

இன்னொரு கோளாறும் உண்டு. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், தேசியப் பள்ளியில் படித்து, தமிழ் பேசவும் கேட்கவும் தெரிந்து, எழுத்துக்கூட்டிப் படிக்க வராத தமிழர்கள் ஏராளம். அரசுத் தமிழ் வானொலியான மின்னல் பண்பலை அவர்களுக்கு ஊடகம், நாளிதழ் அல்ல. அவர்களிடம் தமிழ்ப் படிவம் போனால் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதே படிவத்தை மலாயில் அனுப்பினால் வேறொரு கூட்டம் பதில் சொல்லும். இரண்டு படிவங்களையும் தனித்தனியே அனுப்பி, யார் எதில் பதில் சொன்னார்கள் என்று பிரித்துப் பார்த்தால் அதுவே நல்ல ஆய்வு. யாராவது செய்ய வேண்டும்.

இந்த வழியைத்தான் எடுப்பேன் என்கிறவருக்கு நான் சொல்வது: எண்ணிக்கையை விடுங்கள். ஒரே அடுக்குமாடியில் இருபது குடும்பங்களை எடுத்துக்கொண்டு, வீட்டில் எந்த நேரத்தில் எந்த ஊடகம் ஓடுகிறது, யார் கையில் தொலைக்காட்சிப் பொத்தான் இருக்கிறது என்று உட்கார்ந்து பேசுங்கள். அம்புக்குறி வரைபடம் வராது. ஆனால் வாய்மொழித் தேர்வில் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் உங்களிடம் ஆள் இருக்கும்.

செய்தி அறைக்குள் போவது

காகிதத்தில் பார்த்தால் மிகச் சுவையான வழி இது. 1950இல் அமெரிக்காவில், கம்பிவழிச் செய்திகளைத் தேர்ந்தெடுக்கும் ஓர் ஆசிரியரிடம், தள்ளிவிட்ட ஒவ்வொரு செய்திக்கும் காரணம் எழுதித் தரச் சொன்ன ஆய்வு ஒன்று வந்தது. எந்தச் செய்தி உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிப்பவரைப் பற்றிய வாயிற்காப்போன் கோட்பாடு செய்தித்துறைக்குள் வேரூன்றியது அங்கிருந்துதான். கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் அதைச் செய்து பார்த்தால் வாயில் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமா மலாயிலும் ஆங்கிலத்திலும் கொட்டும் செய்திகளில் எதை உட்கார்ந்து தமிழாக்குவது என்று மாலையில் ஒருவர் முடிவு செய்கிறாரே, அந்த மேசைதான் வாயில்.

சிக்கல் உள்ளே போவதில். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு மனிதர்களைப் பற்றிய எந்த ஆய்வுக்கும் எழுத்துமூல ஒப்புதல் கேட்கும். பங்கேற்பவரின் அடையாளத்தை மறைப்போம் என்று உறுதி தர வேண்டும். நியூயார்க்கிலோ லண்டனிலோ அது நடக்கும். மலேசியாவில் தமிழ் நாளிதழ்கள் கை விரல்களுக்குள் அடங்கிவிடும். “ஒரு தமிழ் நாளிதழின் செய்தி ஆசிரியர், 25 ஆண்டு அனுபவம்” என்று எழுதிய மறுகணமே கோலாலம்பூரின் இந்தியர் பகுதியான பிரிக்பீல்ட்ஸ் முழுக்க அவர் யாரென்று தெரிந்துவிடும். சம்பளப் பாக்கியைப் பற்றியோ விளம்பரதாரரின் நெருக்கடியைப் பற்றியோ அவர் சொன்னதை எப்படி அச்சேற்றுவது? நல்ல மேற்கோள்களையெல்லாம் வெட்டிவிட்டு, தட்டையான பொதுக்கூற்றுகளை மட்டும் ஆய்வேட்டில் வைத்த மாணவர்களை எனக்குத் தெரியும்.

அரசியல் பின்னணி தெரியாமல் உள்ளே போவதும் வீண். 1984ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின் கீழ் நாளிதழ்கள் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2012 திருத்தத்தில்தான் அந்த ஆண்டுப் புதுப்பிப்பு போயிற்று. 1987இல் அரசியல்வாதிகளும் சமூக ஆர்வலர்களும் பெருமளவில் கைதான ஓப்பராசி லாலாங் நடவடிக்கையின்போது ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வாத்தான் ஆகிய ஏடுகளின் உரிமம் பறிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் ஒரு செய்தியை ஏன் உள்பக்கத்துக்குத் தள்ளினார் என்று கேட்டால் “இடமில்லை” என்பார். இடமில்லாததால்தான் தள்ளினாரா என்று அறிய இரண்டாவது, மூன்றாவது சந்திப்பு தேவைப்படும். பகுதிநேர மாணவருக்கு அதற்கு நேரம் இருக்காது. 2025இல், ஊடகங்கள் தம்மைத் தாமே நெறிப்படுத்திக்கொள்ள வழிசெய்யும் ஊடக மன்றச் சட்டம் நிறைவேறியபின் இதைப் பற்றிப் பேசும் துணிவு கூடலாம். அதைப் பார்க்க வேண்டும்.

இந்த வழி யாருக்கு? ஏற்கெனவே நிருபராக இருப்பவருக்கு என்று சொல்லத் தோன்றும். நான் நேர்மாறாகச் சொல்வேன். தன் செய்தி அறையையே ஆய்வு செய்யும் நிருபர், மறுநாள் காலையில் அதே ஆசிரியரிடம் செய்தி கொடுக்க வேண்டியவர். அண்ணே அண்ணே என்று பழகியவரைப் பற்றிக் கறாராக எழுத முடியாது. வெளியாளாக இருந்து, ஆறு மாதம் பொறுமையாகக் காத்திருந்து, கதவு திறந்தால் போகலாம்.

நாளிதழ்ச் சுருள்

இங்கே கொஞ்சம் உட்காருகிறேன்.

கோலாலம்பூரில் 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இன் தொடக்கத்தில் நின்றுபோனது. ஏறக்குறைய 95 ஆண்டுகள். தோட்டத் தொழிலாளர், ஜப்பானியர் ஆட்சி, சுதந்திரம், ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) அரசியல், தமிழ்ப்பள்ளி எல்லாம் அந்தத் தாள்களில் இருக்கின்றன. 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதே நாளிதழில் நடத்திய ‘கதை வகுப்பு’ வழியாக ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் உருவானார்கள். இலக்கிய வரலாற்றில் அது ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. ஊடக ஆய்வாளருக்கோ அது பெரிய கேள்வி: வாசகரையே எழுத்தாளராக்கும் உத்தியை ஒரு நாளிதழ் ஏன் எடுத்தது, விற்பனைக்கா, இயக்கத்துக்கா, இரண்டுக்குமா? பதில் சொல்ல அந்த ஆண்டுகளின் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும்.

பார்க்க இடம் இருக்கிறது. ஜாலான் துன் ரசாக்கில், மலாய்த் தலைப்பாகை வடிவக் கூரையோடு நிற்கும் தேசிய நூலகத்துக்கு, நாட்டில் அச்சாகும் வெளியீடுகளின் படிகளை அனுப்ப வேண்டும் என்று 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் வைப்புச் சட்டம் சொல்கிறது. சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ மலாயாவிலும் விரும்பிப் படிக்கப்பட்டது. அதன் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அச்சில் வந்ததைப் படிப்பதற்கு நெறிக்குழு ஒப்புதல், அடையாளம் மறைத்தல் என்ற தொல்லைகள் பொதுவாக இல்லை. இறந்துபோன ஆசிரியரும் தன் தலையங்கத்தின் வழியாகப் பேசுவார்.

வேலை மட்டும் எளிதல்ல. மைக்ரோபிலிமில் முதலில் தொலைவது மெய்யெழுத்தின் புள்ளி. மங்கிய சுருளில் ‘க்’ எது ‘க’ எது என்று சொற்களின் ஓட்டத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ணை, லை, றா, னா போன்றவை சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் இருக்கும். இன்றைய மாணவர் முதல் வாரம் திணறுவார், இரண்டாம் வாரம் பழகிவிடும். அண்மைக் கால மின்பதிப்புகளும் சொர்க்கம் அல்ல. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் கட்டப்பட்ட பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ரோமன் எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குப்பைதான் வரும். சொல்தேடல் கனவை அங்கேயே விட்டுவிட வேண்டும். கண்ணால்தான் படிக்க வேண்டும்.

எல்லா நாளையும் படிக்க முடியாதே என்றால், அதற்குச் செயற்கை வாரம் என்ற வழி இருக்கிறது. ஆண்டின் எல்லாத் திங்கள்களிலிருந்தும் குலுக்கி ஒரு திங்கள், எல்லாச் செவ்வாய்களிலிருந்தும் ஒரு செவ்வாய் என ஏழு நாள் சேர்ப்பது. ஓராண்டு நாளிதழுக்கு இப்படி இரண்டு வாரங்கள் போதும் என்று 1993இல் அமெரிக்க நாளிதழ் ஒன்றை வைத்துக் காட்டினார்கள். நம் நாளிதழ்களுக்கு அதை அப்படியே எடுத்தால் இடறும். குலுக்கலில் தீபாவளிக்கு முந்தைய நாள் விழுந்துவிட்டால் பக்கங்களில் பெரும்பகுதி அரசியல்வாதிகளின் வாழ்த்து விளம்பரமாக இருக்கும். தைப்பூச வாரம் விழுந்தால் பத்துமலையைத் தவிர வேறு செய்தியே இல்லாதது போலத் தோன்றும். ஞாயிறு பதிப்பு தனி உலகம்: கதை, கவிதை, சிறுவர் பக்கம். ஞாயிறைத் தனியாக எண்ணி, விழாக் காலத்தைத் தனிப் பிரிவாக வைத்து, மீதிக்குக் குலுக்குவதே நல்லது.

அதைவிட வேடிக்கை, படித்த செய்திகளை வகைவகையாகப் பிரிப்பதில். “கோயில் திருப்பணிக்கு வெ.20,000 மானியம்” என்பது போன்ற செய்தி நம் நாளிதழ்களில் அடிக்கடி வரும். படத்தில் சட்டமன்ற உறுப்பினர், பெரிய மாதிரிக் காசோலை, மாலையோடு கோயில் தலைவர். இது சமயச் செய்தியா, அரசியலா, சமூகமா? ஒரே செய்தியைப் படித்த இரண்டு பேர் இரண்டு பெட்டியில் போடுவார்கள். இருவரின் ஒத்திசைவைக் கிரிப்பென்டார்ஃப் ஆல்பா என்ற அளவையால் கணக்கிடுவார்கள் (முழு ஒத்திசைவு என்றால் 1), 0.80 வந்தால் நிம்மதி, 0.667க்குக் கீழே போனால் அந்த வகைப்பாட்டைத் தூக்கிப்போட வேண்டும். காசோலைச் செய்திகளுக்கென்று தனிப் பெட்டி போட்டால் ஒத்திசைவு உயரும். கூடவே, கோயிலும் கட்சியும் எந்த ஆண்டிலிருந்து ஒரே படத்தில் நிற்கத் தொடங்கின என்ற கேள்விக்கும் விடை கிடைக்கத் தொடங்கும். 384 பேரிடம் கேட்டிருந்தால் இந்தக் கேள்வியே தோன்றியிருக்காது.

தொந்தரவு ஒன்று: இரண்டாவதாக வகைப்படுத்த உட்காருபவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வர வேண்டும். பல்கலைக்கழகம் பெரும்பாலும் அதற்குப் பணம் தராது. நண்பரைப் பிடித்து வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தருவதுதான் வழக்கம்.

எந்தத் துறையில் பதிவது?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வீடுகள் உண்டு. ஊடகத் துறையில் சேர்ந்தால் ஆய்வேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ. இந்திய ஆய்வியல் துறையில் தமிழிலேயே எழுதலாம்; தனிநாயக அடிகள் தலைமை தாங்கிய துறை, 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடக்கக் காரணமாக இருந்த இடம். முதலாவதில் எழுதியதை மற்ற ஊடக ஆய்வாளர்கள் படிப்பார்கள், இரண்டாவதில் எழுதியதைத் தமிழர்கள் படிப்பார்கள். சுருள் ஆய்வுக்கு இரண்டாவது, வாசகர் ஆய்வுக்கு முதலாவது என்பது என் கணக்கு. மேற்பார்வையாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்பதைப் பதிவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கூச்சப்படத் தேவையில்லை.

பினாங்குக்காரர்கள் அங்கேயே இருக்கும் யு.எஸ்.எம்மை (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) விட்டுவிட்டுக் கோலாலம்பூருக்கு வருவது எனக்குப் புரிவதில்லை. 1969இல் தொடங்கப்பட்டு, பழைய மின்டன் படைமுகாமில் இயங்கும் அந்தப் பல்கலைக்கழகம், நாட்டில் தொடர்பாடல் கல்வியை முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று. ஊரும் இதழியல் ஊர். 1880களிலேயே அங்கே தமிழ் ஏடுகள் அச்சாயின. பலவற்றுக்கு இன்று பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ‘ஸ்டார்’ 1971இல் அங்கேதான் தொடங்கியது. 1941 டிசம்பரில் பிரிட்டிஷார் பினாங்கைக் கைவிட்டுப் போனபோது, கார்ன்வாலிஸ் கோட்டையில் அவர்கள் கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ ஆங்கில நாளிதழின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. ஆங்கில நாளிதழ்களில் தமிழ் ஆசிரியர்கள் என்ற தலைப்பை எடுத்துக்கொள்ள ஒருவர் முன்வந்தால் பினாங்கில் தங்குவதே சரி.

முன்மொழிவு எழுதத் தொடங்குமுன் ஒரு வேலை. நீங்கள் நினைத்திருக்கும் நாளிதழின் எந்த ஆண்டுகள், எந்த மாதங்கள் தங்களிடம் உள்ளன, எவை விட்டுப்போயிருக்கின்றன என்று நூலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 1957 முதல் 1969 வரை என்று தலைப்பில் போட்டுவிட்டு, நடுவில் இரண்டு ஆண்டு இல்லை என்பதைப் பாதி வழியில் கண்டுபிடித்தால் தலைப்பை மாற்றக் குழுவின் அனுமதி, புதிய படிவம், இன்னொரு பருவக் கட்டணம் என்று நீளும்.